எட்டு ஊர் ருசியும் ஒரே கூரையில்

புதுச்சேரி நகருக்குள் திறந்திருக்கும் ஒரு பிரியாணி உணவகத்தைப் பற்றித் திருக்கனூரில் பேசாதவர்கள் இல்லை. கல்யாண நாள், பிறந்த நாள், பிள்ளை பாஸான நாள் என்று வண்டி கட்டிக்கொண்டு வில்லியனூர் தாண்டிப் போய்ச் சாப்பிட்டு வருகிறார்கள். இந்தியாவின் எட்டு வட்டாரத்துப் பிரியாணியும் ஒரே கூரையின்கீழ் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறது. நாங்களும் குடும்பத்தோடு போய்வந்தோம். உணவகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே பாராட்டுவதற்கு இருப்பவை ஏராளம், அவற்றை எழுதாமல் விட்டால் நன்றாயிராது.

முதலில் மெனு கார்டு. தடித்த அட்டை, நல்ல தமிழ், பிழை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு பிரியாணிக்கும் ஒரு பத்தி வரலாறு போட்டிருக்கிறார்கள். 1856இல் ஆங்கிலேயர் அவத் அரசைப் பிடுங்கிக்கொண்ட பிறகு நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தா மட்டியாபுர்ஜில் வந்து தங்கியது, அவரோடு வந்த சமையல்காரர்கள், அங்கே பிரியாணிக்குள் உருளைக்கிழங்கு புகுந்தது எல்லாம் இருக்கிறது. கறிக்குக் காசில்லாமல்தான் உருளை போட்டார்கள் என்ற கதையைச் சொல்லிவிட்டு, அதை மறுப்பவர்களும் உண்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. 1957இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் என்று கடை போட்டதும், அவர் தலையில் கட்டியிருந்த தலப்பாவே பின்னாளில் கடையின் பெயராக நின்றதும், ஆற்காட்டு நவாப் அரண்மனைக் கைப்பக்குவம் ஆம்பூர் பக்கம் வந்ததாகச் சொல்வதும் அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவர் பிரியாணியை நேசிப்பவர். அவரைச் சமையற்கட்டுக்குள் விட்டார்களா என்று தெரியவில்லை.

எட்டில் நான்கு சொன்னோம். ஆம்பூர், தலசேரி, கொல்கத்தா, ஹைதராபாத். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, நான்கும் ஒன்றாக வந்து இறங்கின.

இந்த வேகத்தின் அருமை தெரிய வேண்டுமானால், அந்தந்த ஊரில் என்ன பாடு படுகிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஹைதராபாத்தின் கச்சி முறையில் பச்சைக் கறியைத் தயிரிலும் பப்பாளிக்காய் விழுதிலும் மசாலாவிலும் மணிக்கணக்காக ஊறவைத்து, பாத்திரத்தின் அடியில் பரப்பி, அரைவேக்காட்டில் வடித்த பாசுமதியை அதன்மேல் கொட்டுகிறார்கள். மூடியின் விளிம்பில் பிசைந்த மாவை ஒட்டி ஆவியை உள்ளேயே அடைக்கிறார்கள். கீழே கறியும் மேலே அரிசியும் ஒரே நேரத்தில் வெந்து முடிய வேண்டும். அரிசி முந்தினால் குழைந்துவிடும், கறி பிந்தினால் பல் இறங்காது, நடுவில் திறந்து பார்த்துச் சரிசெய்யவும் வழி கிடையாது. லக்னோவில் கறியை முன்னதாகவே வேகவைத்து, அந்தச் சாற்றில் அரிசிக்கு ருசி ஏற்றுகிறார்கள். தலசேரியில் மசாலாவையும் கைமா அரிசியையும் தனித்தனியாகச் சமைத்து, அடுக்கு அடுக்காகப் போட்டு, மூடிமேல் கங்கு வைக்கிறார்கள். ஆம்பூரில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, வடித்த சீரக சம்பா, அதன்மேல் தணல். ஒவ்வோர் ஊரும் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக அதிலேயே நிற்கிறது. காலையில் அடுப்பு மூட்டினால் பகலில்தான் மூடி திறக்கிறார்கள். இந்த உணவகத்தில் எட்டையும், கேட்ட வாடிக்கையாளரைக் காக்க வைக்காமல் கொடுக்கிறார்கள்.

எப்படி முடிகிறது என்பதும் மர்மம் இல்லை. 2024இல் ஸ்விக்கி வழியாக மட்டும் இந்தியர்கள் வாங்கிய பிரியாணி 8.3 கோடி என்று அந்த நிறுவனம் கணக்குச் சொன்னது, நிமிடத்துக்கு 158. இவ்வளவு பசிக்கும் தனித்தனி அடுப்பு, தனித்தனி ஊறல், தனித்தனி தம் என்று நின்றால் கடை நடத்த முடியாது. ஒரு பொது மசாலா, ஒரு பொது அரிசி, கடைசி நிமிடத்தில் ஊருக்கு ஓர் அடையாளம். லக்னோவுக்குத் தாழம்பூ எசென்ஸ் ஒரு சொட்டு. தலசேரிக்கு நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை. பெங்களூருக்குப் பாக்குமட்டைத் தொன்னை. ஆம்பூருக்கு ஒரு கிண்ணம் கத்திரிக்காய். கொல்கத்தாவுக்கு உருளைக்கிழங்கு. ஒன்றைக்கூட மாற்றிப்போடவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். அவ்வளவு கூட்டத்திலும் உருளைக்கிழங்கு கொல்கத்தாவுக்கே போகிறது.

என் தங்கை மகள் அந்த உருளைக்கிழங்கை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். கொல்கத்தா இருந்த இடத்தில் ஹைதராபாத் இருந்தது.

அரிசியையும் சொல்ல வேண்டும். நீளமென்றால் அப்படியொரு நீளம். முறியவில்லை, குழையவில்லை, ஒன்றோடொன்று ஒட்டவில்லை. மசாலாவோடும் ஒட்டவில்லை. பாசுமதி பெருமைக்குரிய அரிசிதான். இமயமலை அடிவாரத்துப் பகுதிகளில் விளைவதற்காக 2016இல் புவிசார் குறியீடு வாங்கியது. வேகும்போது பருக்காமல் நீளவாக்கில் வளர்கிற குணம் அதற்கு உண்டு, ஹைதராபாத்துக்கு அது வேண்டும். ஆனால் ஆம்பூரும் திண்டுக்கல்லும் சீரக சம்பாவைப் பிடித்துக்கொண்டிருப்பது சும்மா இல்லை. சீரகம்போல் பொடியாக இருக்கிற அந்த அரிசி கறிச்சாற்றைக் குடித்துவிடும். கறித்துண்டே இல்லாத ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டாலும் கறியின் ருசி இருக்கும். தலசேரிக்காரர்களும் அதனால்தான் பொடி அரிசியை விடுவதில்லை. பொடி அரிசிகளான வயநாட்டின் ஜீரகசாலாவும் கந்தகசாலாவும்கூடப் புவிசார் குறியீடு பெற்றவை. எங்களுடையது நெல் விளைகிற ஊர். சங்கராபரணி பக்கத்துக் கழனியில் இறங்கி வளர்ந்த பிள்ளைகளுக்குச் சோற்றை மோந்து பார்த்து நெல்லின் பெயர் சொல்லத் தெரியும். ஆம்பூர் என்று எழுதிய தட்டில் வட இந்திய அரிசியைப் பார்த்ததும் என் மச்சான் ஒன்றும் பேசாமல் ஒரு பருக்கையை விரலில் எடுத்து நீளம் பார்த்தார். நீளத்தில் குறை சொல்ல அவராலும் முடியவில்லை.

நிறமும் நல்ல நிறம். அட்டையில் குங்குமப்பூ என்று போட்டிருந்தது. பிரியாணியில் செயற்கை நிறமி சேர்க்க உணவுப் பாதுகாப்பு விதிகளில் இடமில்லை, ஆகவே குங்குமப்பூ என்றே எடுத்துக்கொண்டோம். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலை விட்டுப் போகாத உறுதியான குங்குமப்பூ.

பாத்திரங்களைப் பற்றி எழுதாமல் போனால் பாவம். ஒவ்வொரு மேசைக்கும் செம்பு ஹண்டி வருகிறது. சுத்தியல் தட்டின தடம் வரிவரியாகத் தெரிகிறது, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறது. வெளியே செம்பு, உள்ளே எவர்சில்வர். அடுப்பைப் பார்க்காத பாத்திரம் என்பதால் கரி இல்லை, நசுங்கல் இல்லை, பூச்சுத் தேயவில்லை. வில்லியனூரை ஒட்டிய சுல்தான்பேட்டையில் ஒரு பண்டாரி பாயிடம் எங்கள் வீட்டு விசேஷத்துக்குத் தேதி கேட்கப் போயிருந்தேன். அவருடைய செம்பு டேக்சாக்கள் பின்கட்டில் கவிழ்ந்து கிடந்தன. அடி முழுக்கக் கரி ஏறி, விளிம்பெல்லாம் நெளிந்து, கைப்பிடி ஒன்று கழன்று கம்பியால் கட்டியிருந்தது. “பெரிய டேக்சா ஈயம் பூசப் போயிருக்கு தம்பி. அது வந்தாத்தான் தேதி சொல்லுவேன்” என்றார். இருக்கிற பாத்திரத்திலேயே கொஞ்சம் கூடப் போட்டுச் சமாளிக்கலாமே பாய் என்றேன். “எட்டுப் படி டேக்சாவுல பத்துப் படி ஏத்தச் சொல்லாதீங்க. அடி பிடிச்சா அரிசி மேல பழி போட முடியாது. பூச்சு போன செம்புல தயிரு ஊத்துனா களிம்பு ஏறும், அத உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு நான் போட மாட்டேன்.” நாங்கள் விசேஷத்தைப் பத்து நாள் தள்ளி வைத்தோம். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து ஔவை அன்று சொன்ன பாராட்டு எவ்வளவு பொருத்தமானது என்பது எனக்கு அந்த ஹண்டியைப் பார்த்தபோதுதான் முழுதாக விளங்கியது.

ஹண்டியின் வாயை மாவால் மூடியிருந்தார்கள். பரிமாறுகிற தம்பி மேசைக்குப் பக்கத்தில் நின்று, சின்னக் கத்தியால் வட்டமாக அறுத்து, மூடியை எடுத்தார். பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்தார்கள். மாவு நன்றாக வெந்து, மேலே எள் தூவி, பொன்னிறமாக இருந்தது. தனியாக அடுப்பில் சுட்டுக் கொண்டுவந்து பொருத்தினால்தான் அந்த நிறம் வரும். அன்றைக்கு நான் சாப்பிட்டதில் சூட்டோடு இருந்தது அந்த மூடிதான். பிய்த்துத் தயிர் பச்சடியில் தொட்டுச் சாப்பிட்டேன், மிச்சம் வைக்கவில்லை.

உட்கார்ந்த இடத்துக்கு எதிரே சுவர் முழுக்க மாடம் அமைத்து, வரிசையாகப் பொம்மைகள் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் வில்லியனூர்ச் சுடுமண் உருவங்களும். இரண்டுமே புவிசார் குறியீடு பெற்ற கைவேலைகள். காகிதத்தை ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, அச்சில் அழுத்தி, வெயிலில் காயவைத்து, வண்ணம் தீட்டி எடுக்கும்வரை எத்தனை கை படுகிறது என்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்திருக்கிறேன். அந்த மாடத்தில் இருந்தவை போலி இல்லை, அச்சு வார்ப்புப் பிளாஸ்டிக் இல்லை, செய்த இடத்திலிருந்தே வாங்கி வந்தவை. கண்ணின் மையை எழுதியிருந்த விதத்திலேயே தெரிந்தது. எட்டு வட்டாரத்தின் பெயரைச் சொல்லுகிற அந்த உணவகத்தில், தன் வட்டாரத்தில் முறைப்படி செய்யப்பட்ட பொருள் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் சுவரைக் காட்டுவேன். திருக்கனூர்க்காரனுக்கு இதைவிடப் பெருமை வேறில்லை.

பரிமாறிய தம்பி ஒடிசாக்காரர். வந்து ஒரு வருடம்தான் ஆகிறதாம், தமிழ் தெளிவாகப் பேசுகிறார். பாட்டிலில் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும் என்றதற்கு முகம் சுளிக்கவில்லை. கிழவிக்குக் காரம் ஆகாது என்று எங்கள் அத்தையைக் காட்டியதும், “தலசேரி சாப்பிடுங்க அம்மா, காரம் இருக்காது” என்று எடுத்துக் கொடுத்தார். அத்தை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஆம்பூரையும் கேட்டு வாங்கி ருசி பார்த்தார். “ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?” என்றார். அந்தப் பிள்ளை மேற்பார்வையாளர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அரிசி ஒரே பாத்திரம்தான் அம்மா” என்றார். அன்றைக்கு அந்த மேசைக்கு வந்தவற்றில் கலப்படம் இல்லாத ஒன்று அது. அவருக்கு நல்ல சம்பளமும் நேரத்துக்குச் சாப்பாடும் கிடைக்க வேண்டும் என்று மனதார நினைத்தேன்.

பில்லில் கணக்குப் பிழை இல்லை. ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேலே சேவைக் கட்டணம் 10 சதவீதம். சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதையும், டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்ததையும் மச்சான் எடுத்துச் சொன்னார். மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. புன்னகை மாறாமல், முன்னாலேயே அடித்துத் தயாராக வைத்திருந்த இன்னொரு பில்லை எடுத்துக் கொடுத்தார். விவரம் தெரிந்தவர்களுக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதையைக் குறை சொல்லவே முடியாது. விவரம் தெரியாமல் கட்டிவிட்டுப் போகிறவர்களிடமும் அதே புன்னகைதான், அதையும் பார்த்தேன். சேவைக் கட்டணத்துக்கு இருந்த தொகையை அந்த ஒடிசாத் தம்பியின் கையிலேயே கொடுத்துவிட்டோம்.

எழுந்திருக்கும்போது, எப்படி இருந்தது என்று மேற்பார்வையாளர் கேட்டார். கார்டு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, மாவு மூடி அருமை, பொம்மைகள் அசல், பரிமாறியவர் தங்கமான பிள்ளை என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். அவருக்கு மகிழ்ச்சி. “அடுத்த மாசம் சிந்தி, பட்கல் ரெண்டும் சேர்க்கிறோம் சார். மொத்தம் பத்து ஆயிடும்” என்றார். கைகொடுத்து வாழ்த்தினேன். சிந்திக்கு உலர்ந்த ஆலுபுகாரா வேண்டும், பட்கலுக்கு வதக்கிய வெங்காயம் தாராளமாக வேண்டும். இரண்டையும் மேலே வைத்துவிடலாம், அடுப்பில் இன்னொரு பாத்திரம் ஏற்ற வேண்டியிருக்காது.