எதுக்கும் இருக்கட்டும்

ஒரு கையில் புரொவிஷனல் சர்ட்டிபிகேட், மறு கையில் இன்டர்வியூ மெயில் வந்த செல்போன். இப்படி ஒருவனை ஜூன், ஜூலையில் தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். நான் சொல்லப்போகிறவன் துறையூர்க்காரன். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். போகப்போவது சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு. ஏன் என்று அவனும் கேட்கவில்லை, கூப்பிட்ட கம்பெனியும் கேட்கவில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், ஸ்டாண்டிங் அரியர் கூடாது என்பதுதான் மெயிலில் இருந்த நிபந்தனை. நம்மவனுக்கு ஸ்டாண்டிங் அரியர் இல்லை, ஹிஸ்டரி உண்டு. எம்-த்ரீ என்கிற கணக்குப் பாடத்தில் இரண்டு தடவை விழுந்து எழுந்தவன். ஸ்டாண்டிங்குக்கும் ஹிஸ்டரிக்கும் உள்ள வித்தியாசத்தை அவன் விளக்க ஆரம்பித்தால் ஹைகோர்ட் வக்கீல் தோற்றார். அந்தத் தெளிவு ஃபூரியே சீரிஸில் இருந்திருந்தால் ஹிஸ்டரியே இருந்திருக்காது.

முதல் வேலை ரெஸ்யூம். இதை யாரும் எழுதுவதில்லை, சீனியரிடம் வாங்குவதுதான் மரபு. அந்தச் சீனியர் தன் சீனியரிடம் வாங்கியிருப்பார். சவாலான சூழலில் உழைத்து நிறுவனத்தையும் வளர்த்துத் தானும் வளர ஆசைப்படுவதாக உச்சியில் ஓர் ஆங்கில வாக்கியம் நிற்குமே, அதை முதன்முதலில் எழுதிய புண்ணியவான் இந்நேரம் ரிட்டயர் ஆகியிருப்பார். பெயரையும் மார்க்கையும் மாற்றினால் ரெஸ்யூம் ரெடி. அடியில் இருக்கும் உறுதிமொழியை மட்டும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். மேலே கண்டதெல்லாம் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று சத்தியம் செய்துவிட்டு, இடம்: கோயம்புத்தூர் என்று முடிகிறது. நம்மவன் கோயம்புத்தூரைப் பார்த்ததே இல்லை. பொழுதுபோக்கு, புத்தகம் படிப்பது. அதுவும் சீனியருடையது.

மெயில் ஐடி மட்டும் சொந்தம். ஒன்பதாம் வகுப்பில், அபிமான நடிகரின் பெயருக்குப் பின்னால் ‘வெறியன்’ சேர்த்து ஆரம்பித்தது. ஹெச்.ஆர். அம்மணி அந்த வெறியனுக்குத்தான் ‘டியர் கேண்டிடேட்’ என்று மரியாதையாக மெயில் அனுப்பியிருக்கிறார்.

அடுத்து ஆப்டிடியூட். ஆர்.எஸ். அகர்வால் புத்தகம் இல்லாமல் இந்த நாட்டில் எவனும் வேலைக்குப் போனதில்லை. இவன் கையில் இருப்பது யாரோ படித்து, பாதி விடைகளைப் பென்சிலில் டிக் அடித்து வைத்த பிரதி. அதனால் பாதிக் கணக்கு தானாகவே வந்துவிடுகிறது. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் எத்தனை விநாடியில் ஒன்றையொன்று கடக்கும் என்று அவன் சத்தம் போட்டுப் படிக்க, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, “ரெண்டும் ஒரே தண்டவாளத்துலயாடா வருது?” என்று பதறிவிட்டார். துறையூருக்கு ரயில் கிடையாது. பயம் இருக்கத்தானே செய்யும்.

யூடியூபையும் விடவில்லை. “உங்கள் பலவீனம் என்ன?” என்று கேட்டால் “எதையும் அப்பழுக்கில்லாமல் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது” என்று சொல்ல வேண்டுமாம். கண்ணாடி முன்னால் நின்று இதை இங்கிலீஷில் ஒப்பித்துக்கொண்டிருந்தான். நாற்காலியில் முந்தாநாள் போட்ட ஈரத்துண்டு அப்படியே கிடந்தது.

இந்தச் சமயத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். 1994-இல் ஓர் இன்டர்வியூவுக்காகச் சென்னை போய் வந்தவர். வேலை கிடைக்கவில்லை, அனுபவம் கிடைத்தது. முப்பது வருடமாக அதைத்தான் ஊருக்கெல்லாம் விநியோகித்து வருகிறார். “மாப்ள, பாரிஸ்ல இறங்குனதும் நேரா ஒரு டீயைக் குடி” என்றுதான் ஆரம்பிப்பார். வெளியூர் பஸ்கள் பாரிமுனையை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போனது 2002-இல். பிறகு, 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையத்தையும் திறந்துவிட்டார்கள். அங்கே இறங்கி வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் சிறுசேரி பக்கம்தான் என்று இவன் எடுத்துச் சொன்னான்.

“கிளாம்பாக்கமா? அது செங்கல்பட்டு ஜில்லாடா!”

அந்த ஒரு விஷயத்தில் மாமா சொன்னது சரி.

“உள்ள தண்ணி குடுப்பாங்க. குடிச்சிடாத.”

“ஏன் மாமா?”

“அது டெஸ்ட்டு மாப்ள.”

என்ன டெஸ்ட் என்று மாமா விளக்கவில்லை. விளக்கம் கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

ஃபைலை அடுக்கியது அம்மா. பத்தாவது, பன்னிரண்டாவது, எட்டு செமஸ்டர் மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், ‘நான் முதல்வன்’ திட்டத்தில் முடித்த கோர்ஸின் சான்றிதழ். இதுவரை நியாயம். அதன் பிறகு ஆறாம் வகுப்பு ஓவியப் போட்டியில் ஆறுதல் பரிசு, என்.எஸ்.எஸ். முகாமில் மரம் நட்டதற்கு ஒன்று, ரேஷன் ஸ்மார்ட் கார்டு ஜெராக்ஸ்.

“ரேஷன் கார்டு எதுக்கும்மா? கம்பெனியில அரிசியா போடுறாங்க?”

“எதுக்கும் இருக்கட்டும்டா.”

ஷூ புதுசு, கடிக்கும் என்று உள்ளே தேங்காய் எண்ணெய் தடவி வைத்தார். டைதான் பிரச்சினை. அந்தத் தெருவிலேயே தினமும் டை கட்டுகிற ஒரே ஆசாமி பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்புக் குழந்தை. அதுவும் எலாஸ்டிக் வைத்தது. கடைசியில் ஜவுளிக்கடைக்காரர் முடிச்சுப் போட்டே கொடுத்துவிட்டார். அவிழ்த்துவிடாதே என்ற எச்சரிக்கையோடு அது பையில் தனியாகப் பயணம் செய்தது.

இத்தனை ஏற்பாட்டிலும் ஒருவர் கையும் படாதது புராஜெக்ட் ரிப்போர்ட். கறுப்பு பைண்டிங், தங்க எழுத்து: சூரிய சக்தியில் இயங்கும் புல்வெட்டும் இயந்திரம். நான்கு பேர் பாட்ச். திருச்சியில் ஒரு புராஜெக்ட் சென்டரில் இயந்திரம், ரிப்போர்ட், பி.பி.டி. மூன்றையும் ஒரே விலையில் வாங்கினார்கள். அதில் அவர்கள் சொந்தமாக எழுதிய ஒரே பக்கம் நன்றியுரை. சேர்மனில் தொடங்கி லேப் உதவியாளர் வரை ஒருவரையும் விடாமல் நன்றி சொல்லியிருந்தார்கள், புராஜெக்ட் சென்டர்காரரைத் தவிர. இப்படி விலைக்கு வாங்குவது துறையூர்ப் பையனுக்கு மட்டும் உரிய பெருமை அல்ல. புராஜெக்ட் சென்டர்கள் கடைத்தெருவில் போர்டு மாட்டித்தான் வியாபாரம் செய்கின்றன.

இன்டர்வியூ அறையில் ரெஸ்யூமைப் புரட்டியவர் நிமிர்ந்து, “துறையூரா? நான் முசிறி” என்றார். பத்து நாள் மனப்பாடம் செய்த இங்கிலீஷ் அந்த இடத்திலேயே வீணாகிவிட்டது.

“தமிழ்லயே சொல்லுங்க தம்பி. புராஜெக்ட் என்ன?”

“சோலார் கிராஸ் கட்டர் சார்.”

“புல்லு எப்படி வெட்டுது?”

“பிளேடு சுத்தும் சார்.”

“பிளேடை எது சுத்துது?”

“மோட்டார் சார்.”

“என்ன மோட்டார்?”

“கறுப்புக் கலர் மோட்டார் சார்.”

அது 12 வோல்ட் டி.சி. மோட்டார். அதன் மேலேயே எழுதி ஒட்டியிருந்தது. இங்கிலீஷில் கேட்டிருந்தால் எட்டாம் பக்கத்தை ஒப்பித்துத் தப்பித்திருப்பான். தமிழில் கேட்டால் தெரிந்ததை மட்டும்தான் சொல்ல முடிகிறது. தண்ணீர் கொடுத்தார்கள். மாமாவை நினைத்துக்கொண்டு குடிக்கவில்லை. தொண்டை வறண்டு, பேச்சு நின்றுபோய், கடைசியில் உண்மை தானாகவே வெளியே வந்தது.

“சென்டர்ல வாங்குனது சார். ஆனா ரிவ்யூவுக்கு முந்தின நாள் சக்கரம் ஆடுச்சு. புஷ் தேஞ்சிருந்தது. எங்க சித்தப்பா லேத்து வச்சிருக்காரு, அங்க புதுசா ஒண்ணு கடைஞ்சு போட்டேன்.”

“நீங்களே கடைஞ்சீங்களா?”

“ஆமா சார். மொதல்ல போட்டது டைட் ஆயிடுச்சு. ரெண்டாவதுதான் சரியா உக்காந்துச்சு.”

முசிறிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் புஷ் ஏன் இறுகியது, எவ்வளவு இடைவெளி விட்டான், எதை வைத்து அளந்தான் என்று கேட்டுக்கொண்டே போனார். இவனும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். கையை ஆட்டக் கூடாது என்பது யூடியூப் கட்டளை. லேத்தில் வேலை பார்த்தது ரெஸ்யூமில் ஒரு வரிகூட இல்லை. அது வேலைதானே, தகுதியில் சேராது என்று விட்டுவிட்டானாம். மரம் நட்ட சான்றிதழ் ஃபைலில் இருந்தது. அந்த ஃபைலைக் கடைசிவரை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

முடிவு மெயிலில் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதைப் படிக்கிற நீங்கள் துறையூர்ப் பக்கம் என்றால் ஒரு சின்ன வேண்டுகோள். என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று அந்த வீட்டுக்கு போன் போடாதீர்கள். போட்டாலும் கிடைக்காது, மாமா லைனில் இருக்கிறார்.