தெரியாமல் போன பணம், தெரிந்தே போன பணம்

வடமதுரையில் ஒருவரின் கணக்கிலிருந்து அவருக்கே தெரியாமல் பணம் போனால், அவர் பாக்கியசாலி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கையாகக் கொண்டுவந்த விதி அவர் பக்கம். தப்பு அவரிடமும் இல்லை, வங்கியிலும் இல்லை, ஓட்டை வேறெங்கோ என்றால், மூன்று வேலை நாளுக்குள் புகார் தந்தால் போதும். அவர் ஒரு பைசா இழக்க வேண்டியதில்லை. பத்து வேலை நாளில் வங்கி தொகையை வரவு வைக்க வேண்டும். நிரூபிக்கும் பாரமும் வங்கிக்கே.

தெரிந்தே கொடுத்தவர் கதை வேறு.

'கேஒய்சி முடியப்போகுது சார்' என்ற குரலை நம்பி ஓடிபியைச் சொன்னவர் அதே விதியின்படி கவனக்குறைவானவர். புகார் தரும்வரை போனதெல்லாம் அவர் தலையில். மோசடிக்காரனாவது 'சார்' போட்டான். கவுண்டரில் 'எதுக்குங்க சொன்னீங்க?' என்றுதான் வரவேற்பு. சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே அடித்தால், பணம் ஏதாவதொரு கணக்கில் இன்னும் இளைப்பாறிக்கொண்டிருந்தால், முடக்குவார்கள். அதை வெளியே எடுப்பது தனிப் படலம்.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், உள்நாட்டுப் பரிமாற்றத்தில் ஏமாந்து தானே அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். படுமோசமான அலட்சியம் மட்டும் கூடாது. அனுப்பிய வங்கிக்கும் வாங்கிய வங்கிக்கும் செலவு பாதிப்பாதி. திருட்டுப் பணத்துக்குக் கணக்குத் திறந்துகொடுத்த வங்கிக்கும் இதில் பங்குண்டு என்று அங்கே தோன்றியிருக்கிறது. இங்கே அந்தக் கணக்குக்கு என்ன கேஒய்சி பார்த்தார்கள் என்று கேட்க ஆளில்லை. ஏமாந்தவரிடம்தான் ஆதார் நகல் இரண்டு கேட்கிறார்கள், கையெழுத்துப் போட்டு.