சூடா இருந்தா காப்பி

வா பேராண்டி, இப்பிடி உக்காரு. கள்ளக்குறிச்சியில கண்ணாடிக் கதவு போட்ட புதுக் கடைக்குப் போனியாமே? ‘லாத்தே’ன்னு ஒண்ணு குடிச்சியாமே? எம்மாம் ரூவா? இருநூறா? சரி, வுடு. லாத்தேன்னா என்னான்னு கேட்டியா? இத்தாலிக்காரன் பாசையில பாலுடா. வெறும் பாலு. வூட்டுக் கொல்லையில எருமை நிக்கிது. நீ பஸ் ஏறிப் போயி, பாலு குடுன்னு இருநூறு ரூவா நீட்டிட்டு வந்திருக்கற.

அங்க ‘அமெரிக்கானோ’ன்னும் ஒண்ணு வச்சிருப்பான். காப்பியில சுடுதண்ணி ஊத்துனா அதான் அது. இதையே நம்ம பஸ் ஸ்டாண்டு கடைக்காரன் பண்ணுனா சண்டைக்குப் போவியா மாட்டியா? அப்பறம் ‘கப்புச்சினோ’. கப்புச்சின்னு ஒரு கூட்டத்துச் சாமியாருங்க பழுப்பு அங்கி போடுவாங்களாம். அந்த நெறத்துல இருக்குதுன்னு வச்ச பேரு. நம்மூரு சாமியாரு வேட்டி நெறத்தப் பாத்து நான் ரசத்துக்குப் பேரு வச்சா, தாத்தாவுக்குப் புத்தி பெரண்டு போச்சும்ப.

காப்பிங்கற பேரே ஊருபட்ட வாயி மாறி வந்ததுதான். செடிக்குப் பொறந்த வூடு எத்தியோப்பியா. அங்க ‘கஃபா’ன்னு ஒரு சீமை இருக்குது. அதுலேந்துதான் காப்பி வந்துச்சுன்னு சத்தியம் பண்றவன் இருக்கறான். அந்த ஊருக்காரன் காப்பிய என்னான்னு சொல்றான்? ‘புன்னா’ங்கறான்! பெத்தவளே அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடல, உனக்கென்னா அவ்ளோ உறுதி?

செங்கடலத் தாண்டி ஏமனுக்கு வந்துச்சு. 15-ஆம் நூற்றாண்டுல அங்க சூஃபிங்க ராத்திரியில தூங்காம ஆண்டவன நெனைக்கக் குடிச்சாங்க. அரபியில ‘கஹ்வா’. வேடிக்க என்னான்னா, அந்தச் சொல்லு மொதல்ல திராட்சை மதுவுக்கு இருந்த பேருன்னு பழைய அகராதிக்காரங்க எழுதி வச்சிருக்காங்க. 1511-ல மெக்காவுல ஒரு அதிகாரி, இதுவும் போதைதான்னு தடையே போட்டாரு. பேரு பண்ணுன வேலையோ என்னமோ. அந்தக் கஹ்வாதான் துருக்கிக்காரன் வாயில ‘கஹ்வே’, டச்சுக்காரன் வாயில ‘கோஃபி’, 1600 வாக்குல இங்கிலீசுக்காரன் வாயில ‘காஃபி’. நம்மகிட்ட வந்து ‘காப்பி’. இதுல எவன் சொன்னது சுத்தம்?

ஏமன்ல மோக்கான்னு ஒரு துறைமுகம். அங்கேந்து பாபா புடன்ங்கற பெரியவரு ஏழு கொட்டைய ஒளிச்சிக் கொண்டாந்து சிக்மகளூரு மலையில நட்டாருன்னு கதை சொல்றாங்க. இன்னிக்கி ‘மோக்கா’ன்னு கேட்டுப் பாரு, சாக்லேட்டு ஊத்திக் குடுப்பான். துறைமுகம் போச்சு, சாக்லேட்டு வந்துச்சு. நம்ம கல்வராயனுக்கு மேக்கால இருக்குதே சேர்வராயன் மலை, அங்க காப்பி வந்தது 1820-கள்ல. சேலத்துக் கலெக்டரு காக்பர்ன் தொரை கொண்டாந்து வச்சது.

தமிழுல ‘குளம்பி’ன்னு ஒரு பேரு கட்டுனாங்க. கொட்டை நடுவுல பொளந்து மாட்டுக் குளம்பாட்டம் இருக்குதாம். தப்பில்ல. ஆனா மாட்டுக் காலப் பாத்ததும் காப்பி நெனப்பு வந்துச்சே, அந்த ஆளு பெரிய ஆளுதான்! நம்ம கடையில போயி ‘ஒரு குளம்பி’ன்னு கேளு. “கொழம்பு மத்தியானந்தாண்ணே”ன்னுவான். ‘கொட்டை வடிநீர்’னு இன்னொண்ணு இருக்குது. அதக் கேட்டா, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு வைத்தியரக் கேக்கணும் போலத் தோணும்.

கூழும் நீராகாரமும் குடிச்ச ஊருடா இது. காப்பி வந்து அந்தச் சட்டியக் கவுத்துப்புடுச்சு. நாடு கெட்டுச்சுன்னு அப்ப பெரிய மனுசங்க பொலம்பாத பொலம்பலு இல்ல. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ன்னு புத்தகமே போட்டிருக்காரு. போன நோண்டற நேரத்துல படி. அவ்ளோ பொலம்பியும் என்னா ஆச்சு? இன்னிக்கி வூட்டுக்கு வந்தவன “காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போ”ன்னுதான் சொல்றோம். குடுக்கறது டீயா இருக்கும். எவனாவது கோவிச்சிக்கினு போயிருக்கானா?

போன மழையில கரியாலூருல ஒன்னாட்டம் ஒரு பட்டணத்துப் புள்ள, கடையில சுக்குக் காப்பி வாங்குனான். ஒரு வாயி குடிச்சான். மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே! “இதுல காப்பித்தூளே இல்லியே”ன்னான். சுக்கு, மல்லி, மெளவு, வெல்லம். வேற என்னா இருக்கும்? “அப்ப ஏன் காப்பிங்கறீங்க? இது ஹெர்பல் டீ இல்ல?”ன்னு கடைக்கார அம்மாகிட்ட வழக்குக்கு நின்னான். அந்தம்மா அடுப்ப ஊதறத நிறுத்தல. நிமுந்தும் பாக்கல. “டீ அஞ்சு ரூவா சாஸ்தி தம்பி, எப்பிடி வசதி?”ன்னுது.