கிரிட்டிக்கலாக இருக்கிறது

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். காலை ஒன்பதரைக்குள் பதிவேட்டில் கையெழுத்து விழ வேண்டும். அதனால் விடியலிலேயே பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். எதற்கு? சிந்திக்கக் கற்றுக்கொள்ள. மலைமேல் அந்த வசதி இல்லை போலிருக்கிறது.

ஆசிரியர் பயிற்சிப் பேனரில் 'விமர்சனச் சிந்தனை' என்று இருந்தது. கையேட்டில் 'நுண்ணாய்வுச் சிந்தனை'. சான்றிதழில் 'திறனாய்வுச் சிந்தனை'. எது சரி என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கு அது 'கிரிட்டிக்கல் திங்கிங்'. ஆஸ்பத்திரி வராண்டாவில் அந்தச் சொல்லை எந்த அர்த்தத்தில் சொல்வார்களோ, அந்த அர்த்தத்தில் பொருத்தமான பெயர்தான்.

கருத்தாளர் பிபிடி போட்டார். முதல் ஸ்லைடு: "எதையும் அப்படியே ஏற்காதீர்கள்." படித்துவிட்டுச் சொன்னார்: "இதை அப்படியே நோட்டில் எழுதிக்குங்க. மேலிருந்து வந்து பார்ப்பாங்க." எழுதிக்கொண்டோம். பிறகு குழுச் செயல்பாடு. ஐந்து பேருக்கு ஒரு சார்ட், இரண்டு ஸ்கெட்ச் பேனா. 'கேள்வி மரம்' வரையச் சொன்னார்கள். எங்கள் குழுவில் ஒருவர் நன்றாகப் படம் போடுவார். வேர், கிளை, இலை எல்லாம் வந்தன. ஒரு கிளையில் குருவிகூட உட்கார்ந்தது. கேள்வி எழுத இடம் இல்லை. அதைத்தான் படம் பிடித்து குரூப்பில் போட்டார்கள், 'சிறப்பு' என்று கைதட்டலோடு.

இளம் ஆசிரியை ஒருவர் கை தூக்கினார். "சார், பத்தாம் வகுப்புக்குக் காலக்கோடு இருக்கு, வரைபடம் இருக்கு, ஒரு மார்க் கேள்வி இருக்கு. சொந்தமா யோசிச்சு எழுதின பிள்ளைக்கு மார்க் எங்கேயிருந்து வரும்?"

கருத்தாளர் வாட்சைப் பார்த்தார். "நல்ல கேள்வி டீச்சர். மத்தியானம் பேசுவோம்."

மத்தியானம் வடை வந்தது.

புதிய கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. நிஷ்டா என்ற பயிற்சியை ஆன்லைனிலும் படிக்கச் சொன்னார்கள். மலையில் சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடிப் போய் உட்கார்ந்து, வீடியோவை ஓடவிட்டு, ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வில் 70 விழுக்காடு வேண்டும். விடைகள் முந்தின இரவே வாட்ஸப்பில் வந்துவிட்டன. சிந்தனை தவிர மற்ற எல்லாம் முறைப்படி நடந்தது.

என் பணிக்காலத்தில் விமர்சனச் சிந்தனையை ஒரே ஒரு முறைதான் கண்ணால் பார்த்தேன். 2011. தமிழ்நாட்டில் ஆட்சி மாறியிருந்தது. சமச்சீர்க் கல்விப் புத்தகம் வேண்டாம் என்றது புதிய ஆட்சி. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. கொடுத்தார்கள், பழைய ஆட்சியின் வாசனை வீசிய பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டி, கறுப்பு மை பூசி. வரலாறு நடத்த வேண்டியவர்கள் கையில் பசை. நாங்கள் ஒட்டிக் கொடுத்த புத்தகத்தைப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நகத்தால் சுரண்டி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். அவர்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை. சார்ட்டும் இல்லை, வடையும் இல்லை.

டெல்லி மட்டும் சளைத்ததா? 2005 கலைத்திட்டத்தின் பேரில், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும் என்று கார்ட்டூன்களோடு அரசியல் பாடநூல் போட்டது என்சிஇஆர்டி. 2012 மே மாதம், சங்கர் 1949-இல் வரைந்த அம்பேத்கர் கார்ட்டூனுக்காக நாடாளுமன்றம் கொதித்தது. அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். நூலின் முதன்மை ஆலோசகர்கள் இருவரும் விலகினார்கள். அடுத்த மாதம் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே.லக்ஷ்மண் கார்ட்டூனை நீக்கச் சொல்லி நம் கலைஞர் குரல் கொடுத்தார். கேலிச்சித்திரத்தாலேயே வளர்ந்த திராவிட இயக்கம்! பிறகு டெல்லிக்கு வந்த ஆட்சி இன்னும் சுருக்கமாக முடித்தது. பத்தாம் வகுப்பிலிருந்து மக்கள் போராட்டங்கள் பற்றிய பாடமும், ஜனநாயகத்தின் சவால்கள் பற்றிய பாடமும் போயின. காரணம், பாடச் சுமை குறைப்பு. ஜனநாயகம் சுமைதான். இறக்கி வைத்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் துறையில் சிந்தனைக்கு ஓர் எண் உண்டு. 17-பி. அரசை விமர்சித்தால் நடத்தை விதி பாயும். பின்னாலேயே ஒழுங்கு நடவடிக்கை விதி 17-பி-யின் கீழ் குறிப்பாணை வரும். 2003-இல் வேலைநிறுத்தம் செய்த ஊழியர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பயிற்சியில் என் பக்கத்து நாற்காலிக்காரர் 2019 ஜனவரிப் போராட்டத்தில் 17-பி வாங்கியவர். 2021 பிப்ரவரியில் ரத்தானது. தேர்தல் நெருங்கும்போது அரசுக்கும் விமர்சனச் சிந்தனை வரும். அவர் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. பேனாவுக்கு மூடி போட்டு, எடுத்து, போட்டுக்கொண்டிருந்தார். இவர் போய்ப் பிள்ளைகளுக்குத் துணிந்து கேள்வி கேட்கக் கற்றுத்தர வேண்டும். எனக்கு இப்போது ஓய்வு, அதனால் எழுதுகிறேன். பென்ஷனிலும் கை வைக்கலாம் என்று நண்பர் நினைவூட்டினார்.

நானும் யோக்கியன் இல்லை. என் வகுப்பில் ஒருநாள் 'தமிழ்நாட்டில் பாக்சைட் கிடைக்கும் இடம்?' என்றொரு ஒரு மார்க் கேள்வி. விடை, ஏற்காடு இருக்கும் எங்கள் சேர்வராயன் மலை. அந்த மலையிலேயே பிறந்த மலையாளிப் பையன் ஒருவன் (கேரளம் இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கதை சொல்லும் பழங்குடி) எழுந்து கேட்டான்: "சார், இங்க வெட்டி மேட்டூர் அலுமினிய கம்பெனிக்குக் கொண்டு போனாங்களே, எங்களுக்கு என்ன கெடைச்சுது?"

"ஒரு மார்க் கிடைக்கும்டா, உட்கார்."

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு அவன் எதுவும் கேட்டதில்லை.

பயிற்சியில் மாலை நாலு மணிக்குப் பின்னூட்டப் படிவம் வந்தது. 'பயிற்சி எவ்வாறு இருந்தது?' 'மிக நன்று' என்ற கட்டத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே டிக் அடித்திருந்தார்கள். கீழே 'ஆலோசனைகள்' என்று இரண்டு வரி காலியாக இருந்தது. அந்தப் பையனின் கேள்வியை எழுதி, இதை எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தேன்.

படிவம் என் மேசைக்கே திரும்பி வந்தது. "சார், தப்பா நினைக்காதீங்க. இதை அடிச்சிட்டு 'இல்லை'ன்னு போட்டுக் குடுங்க. அப்லோடு பண்ணும்போது பிரச்சினையாகும்."

போட்டுக் கொடுத்தேன். ஏற்காடு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.