பேயைக் காட்டுனாலும் ஏச்சு, காட்டாட்டாலும் ஏச்சு

ஏலே பேராண்டி, பார்த்த வேலைய விட்டுட்டுப் படம் எடுக்கப் போறேன்னு நிக்க. எடுலே, தாராளமா எடு. ஒங்கப்பன் மாதிரி நான் குறுக்க விழ மாட்டேன். துட்டு என்னது இல்லல்லா. அதுலயும் நீ புடிச்சிருக்க வகை இருக்கே, ஃபவுண்ட் ஃபுட்டேஜு, அதுக்கு ஒன்னைய மெச்சணும். படம் புடிச்சவன் பூராவும் செத்தாச்சு, கேமரா மட்டும் காட்டுக்குள்ள கெடந்துச்சுன்னு ஒரு கதைய விட்டுட்டா, வெளிச்சம் பத்தலைன்னு எவனும் கேக்க முடியாது. கை நடுங்குனா அதுதான் உண்மைன்னு சொல்லிக்கிடலாம். பெரிய நடிகன் வேண்டவே வேண்டாம். அவன் மூஞ்சியப் பாத்த பெறகு கெடச்ச படம்னு எவன் நம்புவான்? சோம்பேறிக்கும் கஞ்சனுக்கும் ஏத்த கலை. நம்ம குடும்பத்துக்கு அப்படியே பொருந்தும்.

ஆனா ஒங்கதையோட கடைசில ஒரு கூட்டம் வருதுன்னியே, அங்கி மாட்டிக்கிட்டு, நடுக்காட்டுல தீய மூட்டிக்கிட்டு. அங்கனதாம்ல எனக்கு யோசனை. இதே சோலிய அமெரிக்காக்காரன் 2010லயே செஞ்சு ஜனங்ககிட்ட வாங்கிக் கட்டியிருக்கான். ‘தி லாஸ்ட் எக்ஸார்சிசம்’. ஒம் போனுல எனக்குப் போட்டுக் காமிச்சதே நீதான். நீ பேயப் பாத்துக்கிட்டு இருந்த. எனக்கு ருசிச்சது, பாத்துட்டு வந்தவிய பேசுன பேச்சு.

கதை ஒனக்குத் தெரியும், இருந்தாலும் என் வாயால ஒருதரம் கேளு. காட்டன் மார்க்கஸ்னு ஒரு பிரசங்கியார், லூசியானாவுல பேட்டன் ரூஜ் பட்டணம். பொடிப்பயலா இருக்கும்போதே மேடையேறுனவன். பேயோட்டுததுல கெட்டிக்காரன். பேய் இருக்குன்னு மட்டும் நம்ப மாட்டான். புடிச்சிருக்குன்னு நெனைக்கவனுக்கு, ஓட்டியாச்சுன்னு சொன்னா கொணமாயிரும், அதுக்குக் கூலி வாங்குனா என்ன தப்புங்கான். யோசிச்சா நம்ம ஊர் வக்கீலுக்கும் அவனுக்கும் ரொம்பத் தூரமில்ல. பெறகு பேயோட்டுதோம்னு ஒரு புள்ளய மூச்சுமுட்டக் கொன்ன சேதியப் படிச்சதும் மனசு மாறிப்போச்சு. இந்தப் பித்தலாட்டத்த ஊருக்குக் காட்டிட்டு வெலகிருவோம்னு, ஒரு பொம்பளையையும் ஒரு கேமராக்காரனையும் கூட்டிக்கிட்டுக் கெளம்புதான். வந்து குமிஞ்ச கடுதாசில ஒண்ண உருவுதான். ஸ்வீட்ஸர்னு ஒரு சம்சாரி. ஆடுமாடு அறுபட்டுக் கெடக்கு, மவ நெல் காலைல எந்திரிக்கும்போது துணியெல்லாம் ரத்தம்.

இந்த ஆளு ஒரு சவால் விடுதாம்பாரு, படத்துலயே எனக்குப் புடிச்ச எடம் அதுதான். பிரசங்கத்துக்கு நடுவுல வாழைப்பழ ரொட்டி சுடுத பக்குவத்தச் சொன்னாக்கூட சபை அல்லேலூயா போடும்ங்கான். சொன்னபடியே ஏத்த எறக்கத்தோட சொல்லவும் செய்தான். சபையும் கைதூக்கி அல்லேலூயா போடுது. தியேட்டர்ல இருந்தவன் எல்லாரும் சிரிச்சிருப்பான். இத ஞாபகத்துல வச்சுக்கோ, பெறகு வாரேன்.

அவன் தொழில் சாமானப் பாத்தியா? புகை விடுத சிலுவை, கண்ணுக்குத் தெரியாத நூலு, ஒளிச்சு வச்ச ஐபாடுக்குள்ள பேய்ச்சத்தம். ஒன் பட்ஜெட்ல பாதி அந்தப் பெட்டியிலேயே முடிஞ்சிரும்.

பெறகு நெலவரம் மாறுது. ஓட்டியாச்சுன்னு துட்ட வாங்கிட்டு வந்தபெறகும் புள்ள சரியாகல. கேமராவத் தூக்கிட்டுப் போயி அதாலேயே பூனைய அடிச்சுக் கொல்லுதா; வாடகைக் கேமரான்னா அட்வான்ஸ் அதோட போச்சு, நீ கவனமா இரு. ஒடம்ப வளச்சு நிக்காளே, அது கம்ப்யூட்டர் வேலை இல்ல, அந்தப் புள்ள ஆஷ்லி பெல் தானே வளைஞ்சதுன்னு சொன்ன. அவ முதுகுக்குத் தனியாச் சம்பளம் குடுத்திருக்கணும்.

இவ்வளவு நேரமும், அது பேயா, பைத்தியமா, அப்பன்காரன் பண்ண அக்கிரமமான்னு நம்மளத் தொங்கல்லயே வச்சிருந்தான் டைரக்டர் டேனியல் ஸ்டாம். புள்ள கர்ப்பம்னு தெரியுது. லோகன்னு ஒரு பையன் மேல பழிய வச்சு, எல்லாம் தீந்துச்சுன்னு கெளம்பிப் போறாவ. வழியில அவனையே பாத்து வெசாரிச்சா, எனக்குப் பொம்பளப் புள்ளையோட சோலியே கெடையாதுங்கான். உள்ளூர்ப் பாதிரியார் வீட்டு விருந்துல ரெண்டு வார்த்தை பேசுனதோட சரியாம். திரும்பி வந்தா செவுரெல்லாம் மாந்திரீகக் கோலம். காட்டுக்குள்ள தீ. அந்தச் சாதுவான பாதிரியார்தான் கூட்டத்துக்குத் தலைவர். புள்ள பெறுதா, பெத்தத அவரு தீயில எறியுதாரு, தீ வானத்துக்கு எழும்புது. பிரசங்கியார் சிலுவையோட தீயப் பாத்து நடக்கான். மத்த ரெண்டு பேரும் ஓடுதாவ. பொம்பளைய வெட்டிப் போட்டாச்சு, கேமராக்காரன் தலையும் போச்சு. முடிஞ்சது. அஞ்சு நிமிசம் இருக்குமா?

அந்த அஞ்சு நிமிசத்துக்குத்தாம்ல அம்புட்டு ஏச்சும்.

அமெரிக்காவுல படம் வந்த அன்னைக்கே தியேட்டர் வாசல்ல அட்டைய நீட்டி, வாத்தியார் மாதிரி மார்க்குப் போடச் சொல்லுத கம்பெனி ஒண்ணு இருக்கு, சினிமாஸ்கோர்னு. விமர்சகன் பேச்ச நம்பிப் படத்துக்குப் போயி நொந்துபோன எட் மின்ட்ஸ்னு ஒரு மனுசன் 1979ல தொடங்குனது. அந்த அட்டைக்கு யோசனை அவருக்கு எங்க கெடச்சுதுங்க? யூதக் கோயில்ல. யோம் கிப்பூர் நோம்பு நாள்ல பேனா தொடக் கூடாதுல்லா, அதனால காணிக்கை எவ்வளவுன்னு ஓரத்து நாக்க மடிச்சுக் குடுக்க ஒரு அட்டை. சாமிக் காணிக்கைக்கு வந்த அட்டை, கடைசில சாத்தான் படத்துக்கு மார்க்குப் போட வந்து நிக்கி. பொதுவா அதுல ஜனங்க தாராளமாத்தான் போடும். துட்டுக் குடுத்துப் பாத்தத எவன் மோசம்னு ஒத்துக்கிடுவான்? அப்பேர்ப்பட்ட எடத்துல இந்தப் படம் வாங்குனது டி. ஆனா விமர்சகன்கள்ல முக்காவாசிப் பேரு நல்ல படம்னு எழுதிட்டாவ. மின்ட்ஸ் தொடங்குனதுக்கு இதவிடப் பொருத்தமான சாட்சி வேணுமா?

இப்ப ஏச்ச எடுத்துப் பாப்போம். மொத கோஷ்டி, பேயைப் பாக்கவே துட்டுக் கட்டுன ஆளுங்க. விளம்பரத்துல புள்ள வளைஞ்சு நிக்கதப் பாத்து வந்தவன். உள்ள வந்தா பாதிப் படம் வரைக்கும் ஒருத்தன் சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டே இருக்கான். கோவம் வராதா? சாட்ரூலட்னு முன்பின் தெரியாத ஆளுகிட்ட மூஞ்சி பாத்துப் பேசுத தளத்துலயும் இவிய சோலியக் காட்டியிருக்காவ. ஒரு பொண்ணு சட்டைப் பித்தானக் கழட்டுத மாதிரி போக்குக் காட்டி, பயலுவ வாயப் பொளந்து பாக்கையில பேயா மாறிருவா. பெறகுதான் படத்தோட இணையதள வெலாசம் வரும். அங்கன ஏமாந்தவன் டிக்கெட்டும் வாங்குனாம்னா, அவனுக்கு நான் பரிதாபப்பட மாட்டேன்.

ரெண்டாவது கோஷ்டி படிச்சவிய. பேயே வராம, எல்லாம் மனசுக்குள்ளன்னு முடிச்சிருந்தா ஒசந்த படமாயிருக்கும்ங்காவ. இவியளுக்கு அந்தக் கூட்டம் வந்ததே புடிக்கல. 1968ல வந்த ‘ரோஸ்மேரீஸ் பேபி’லேருந்து புள்ளயத் தூக்கிட்டு வந்துட்டான், ‘பிளேர் விட்ச்’லேருந்து ஓட்டத்தத் தூக்கிட்டு வந்துட்டான்னு களவுக் கணக்குப் பாக்காவ. களவு போனது உண்மைதான்.

இன்னொரு கோஷ்டி இருக்கு, அதுதான் நம்ம ஆளு. கேமராக்காரன் தலை போயாச்சு, மத்தவளும் செத்தாச்சு, அப்பம் இத வெட்டி ஒட்டி மேல சங்கீதம் போட்டது யாருன்னு கேக்கான். நல்ல கேள்வி. படத்துக்கு நேத்தன் பார்னு ஒருத்தர் இசை போட்டிருக்காரு. காட்டுக்குள்ள அங்கி மாட்டிக்கிட்டு நின்ன கூட்டத்துல எவனோ எடிட்டிங் படிச்சவன் இருந்திருக்கணும். பகல்ல கல்யாண வீடியோ, ராத்திரி நரபலி. ஒன் படத்துலயும் இந்தக் கேள்வி வரும், பதில் வச்சுக்கோ.

திடீர்னு எங்கிருந்துலே வந்துச்சு இந்தக் கூட்டம்னு கேக்கவனுக்கு மட்டும் நான் பதில் சொல்லுவேன். அந்தப் புள்ள வரஞ்ச படத்த நீ பாத்தியா இல்லியா? தீக்கு முன்ன சிலுவையோட ஒருத்தன், வெட்டுப்பட்ட ஒருத்தி, தலையில்லாத ஒருத்தன். முன்கூட்டியே எழுதி ஒட்டிட்டான்லே. பாக்க வந்தவிய ஒரு மணி நேரம் அந்தப் பிரசங்கியார் பக்கத்துல ஒக்காந்து, நம்புதவனையெல்லாம் பட்டிக்காட்டான்னு சேந்து சிரிச்சாவ. பேயே இல்லைன்னு அவன் சொன்னப்ப தலையாட்டுனாவ. கடைசில பாத்தா, அவன் சொன்னதும் வாழைப்பழ ரொட்டிப் பக்குவம்தான். இவிய போட்டதும் அல்லேலூயாதான். அந்த ரோசம்தாம்ல டி மார்க்கு. சபையப் பாத்துச் சிரிச்சவனுக்கு, தானும் சபையில ஒருத்தன்னு தெரிஞ்சா பொறுக்குமா?

அதுக்காவ முடிவு நல்ல முடிவுன்னு நான் சொல்லல. மோசம்தான். இருட்டுக்குள்ள நாடக செட்டு மாதிரி அங்கியும் தீயும், அவசர அவசரமா. சிலுவைய வச்சுப் பொகை விட்டுச் சிரிச்சவன், அதே சிலுவைய மெய்யாவே நம்பிப் புடிச்சுக்கிட்டு தீயப் பாத்து நடக்கான் பாரு, பேட்ரிக் ஃபேபியன் நல்லா நடந்தான். அந்த நடைக்குத்தான் படம் பூராவும். அதப் போயி ஆட்டத்துக்கு நடுவுல எட்டத்துல நின்னு காட்டிட்டு, கோடாலியப் பாத்து ஓடிட்டான் கேமராக்காரன். நானா இருந்தா நின்னுருப்பேன். சரி, நானும் ஓடியிருப்பேன். ஆனா கொஞ்சம் மெதுவா.

நீ கலங்காத, கல்லாவப் பாரு. செலவு 18 லட்சம் டாலர். மொத வாரக் கடைசியிலேயே 2 கோடிக்கு மேல. அடுத்த வாரம் பாதிக்கும் கீழ விழுந்துச்சு, ஏச்சு அப்பத்தான் ஊர் சுத்தி முடிச்சிருக்கு. இருந்தும் ஒலகம் பூராவும் 6 கோடிய ஈசியாத் தாண்டுச்சு. ஏசுனவன் அத்தன பேரும் டிக்கெட் வாங்குன பெறகுதான ஏசுனான்? பேரு கடைசிப் பேயோட்டம், அதுக்கு 2013ல ரெண்டாம் பாகமும் வந்துச்சு. நாலு பேரு ஏசுத சாமானுக்கு ரெண்டாம் பாகம் போடுத துணிச்சல் ஒனக்கு வருமா?

பேயக் காட்டாதவன் பட்ட பாட்டையும் கேளு. 1999ல ‘பிளேர் விட்ச் புராஜெக்ட்’. மூணு பேரு காட்டுக்குள்ள தொலைஞ்சாவன்னு நோட்டீஸ் ஒட்டி, நெசம்னு நம்ப வச்சு, உலகத்துல கிட்டத்தட்ட 25 கோடி டாலர் அள்ளுனான். அதுல சூனியக்காரியக் கடைசி வரைக்கும் காட்டவே இல்ல. ஜனங்க என்ன சொன்னாவ? துட்டுக் குடுத்தோம், சூனியக்காரி எங்கலேன்னாவ. மார்க்கு சி பிளஸ். நம்ம எக்ஸார்சிசக்காரன் அதப் பாத்துட்டு, சரி காட்டிருவோம்னு பெத்த புள்ளையோட காட்டுனான். ஏம்லே காட்டுனன்னு டி. 2012ல ‘தி டெவில் இன்சைடு’ வந்தான். காட்டவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்னு, காரு மோதுன கையோட படத்த அறுத்துட்டு, மிச்சத்தத் தெரிஞ்சிக்கிட இந்த இணையதளத்துக்குப் போங்கன்னு தெரையில வெலாசம் போட்டான். தியேட்டர்ல ஊளைச்சத்தம் வந்துச்சு. எஃப்பு. அதுக்குக் கீழ மார்க்கே கெடையாதாம். அந்தப் படமும் போட்ட துட்டப் பல மடங்கா எடுத்துட்டுத்தான் போச்சு.

அதனால நான் சொல்லுதது என்னன்னா, பேயக் காட்டவா மறைக்கவான்னு மண்டைய ஒடைக்காத. ரெண்டுக்கும் ஏச்சு உண்டு. மொத ஒரு மணி நேரத்த ஒழுங்கா எடு. கூட்டத்த மட்டும் கடைசி அஞ்சு நிமிசத்துல லாரியில கொண்டு வந்து எறக்காத. மொதல்லயே நாலு பேரா, ஆறு பேரா அங்கங்க நடமாட விடு. ஒருத்தன் கடையில நிக்கட்டும், ஒருத்தி தண்ணிக் கொடத்தோட போகட்டும். அங்கி தைக்கிற கூலியும் மிச்சம், சாரத்த மடிச்சுக் கட்டுனாப் போதும். ஊரே கூட்டம்னு கடைசில தெரிஞ்சா, பாத்தவன் வீட்டுக்குப் போயி பக்கத்து வீட்டுக்காரனச் சந்தேகமாப் பாப்பான்.

அந்தப் பாதிரியார் மாதிரி ஒரு பூசாரி வேணும்லா ஒனக்கு? சாதுவான மூஞ்சி, நரச்ச மீசை, எல்லாரையும் மக்கான்னு கூப்புடுத ஆளு, எவனும் சந்தேகப்படப்பிடாது. வெளியூர்ல போயித் தேடாத. ஒரு நாளைக்கு ரெண்டு வேளைச் சாப்பாடு, வெத்தல பாக்கு, போக வர ஆட்டோ. சம்பளத்த ஒங்கப்பனுக்குத் தெரியாமக் கையில குடுத்துரு. தீப் பக்கத்துல நிக்க மட்டும் தனிக் கூலி, இப்பமே பேசிக்கிடுவோம்.