முப்பது எண்ணும் மாமா

நெட் போய்விட்டது என்று நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. டிவியில் படம் நின்று சக்கரம் சுற்ற ஆரம்பித்ததுமே, மேல்வீட்டு மாமா வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருப்பார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு மாமா."

"எத்தனை எண்ணினே?"

இங்கேதான் மாட்டிக்கொள்வோம். யார் எண்ணினார்கள்? "அதானே பார்த்தேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிளக்கைப் பிடுங்குவார். சுவிட்சை அணைப்பதெல்லாம் அவர் கணக்கில் சேராது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சத்தமாக, ஒன்று, இரண்டு... பதினேழில் என் மனைவி, "காபி போடட்டுமா மாமா?" என்பாள். "சர்க்கரை கம்மியா." மறுபடி ஒன்றிலிருந்து. இருபத்துநாலில் குக்கர் விசில். மறுபடி ஒன்று. ஒருநாள் இருபத்தொன்பதில் தும்மிவிட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. மோடத்துக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் மிச்ச மின்சாரம் வடியச் சில நொடிகள் வேண்டும். அப்போதுதான் அது பழசை மறந்து புதிதாக எழுந்திருக்கும். ஆனால் என் மோடத்தில் மின்னுவது எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்கு. வெளியிலிருந்து வெளிச்சமே வந்து சேரவில்லை என்று அர்த்தம். வீட்டுக்கு வரும் கண்ணாடி இழையின் குறுக்களவு 125 மைக்ரான், தலைமுடி கனம்தான். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டுகிற ஜேசிபி அதை அறுத்துப் போட்டிருக்கும்போது, என் ஹாலில் உட்கார்ந்து மூவாயிரம் எண்ணினாலும் ஒட்டாது. சொல்லிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்தைப் படித்தார்.

"லாஸ்னு போட்டிருக்கு. நஷ்டம் கம்பெனிக்கு, நமக்கென்ன? ஒண்ணு, ரெண்டு..."

ஒரே ஒரு தடவை பலித்துத் தொலைத்தது. போன ஐப்பசியில் அவர் முப்பது முடித்துப் பிளக்கைச் செருகிய நேரம், தெருமுனைக் கம்பத்தில் ஏணி போட்டு நின்ற பையன் இழையை ஒட்டி முடித்த நேரம். பச்சை விளக்கு எரிந்தது. பையனுக்கு யாரும் காபி கொடுக்கவில்லை.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். குண்டூசி விஷயத்தில் முடியவில்லை. போன மாதம் மூன்று முறை எண்ணியும் பலிக்காமல், மோடத்தின் முதுகிலிருந்த சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு, முப்பது வரை அழுத்திப் பிடித்தார். அது ரீசெட். யூசர்நேம், பாஸ்வேர்டு, வைஃபை பெயர் எல்லாம் அழிந்து போயின. வெளியே அறுந்ததை அன்றைக்கே ஒட்டிவிட்டார்கள். உள்ளே மாமா செய்ததைச் சரிசெய்ய ஆள் வர இரண்டு நாள். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன் நான். இரண்டு நாள் லீவு என் கணக்கில் போனது, அவர் கணக்கில் அல்ல.

அந்த ஆள் வந்தது இரவு எட்டரைக்கு, கொட்டுகிற மழையில். வழி தெரியாமல் திண்டாடக் கூடாது என்று குடையோடு தெருமுனையில் முக்கால் மணி நேரம் நின்று அழைத்துவந்தவரும் மாமாதான். படியேறும்போதே அந்த ஆளிடம் கேட்டார்:

"தம்பி, நீங்க எத்தனை எண்ணுவீங்க?"

ஓட்டையின் மேல் இப்போது செலோடேப் ஒட்டியிருக்கிறேன். குண்டூசி டப்பா பீரோவில். சாவி என்னிடம்.