கிளீனருங்க பேசறேன்

1986-ல் நான் கிளீனராக ஏறிய வண்டியில் போன் கிடையாது, ஏசி கிடையாது, சீட்டில் பஞ்சும் பாதிதான். நாமக்கல்லில் பாடி கட்டிய வண்டி. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாக்பூரில் இறக்குவோம், அங்கிருந்து ஆரஞ்சு. எல்லாம் ஏழாம் நம்பர் ரோடு. இப்போது அதற்கு 44 என்று பெயர். தூரம் ஒரு கிலோமீட்டரும் குறையவில்லை.

அந்தக் காலத்து டிரைவர்கள் ரோட்டை விட்டுக் கண்ணெடுக்கவே மாட்டார்கள் என்று நான் சொன்னால் ஊரில் சின்னப் பையன்கள் நம்புகிறார்கள். பொய். என் குருநாதர் ஓடுகிற வண்டியில் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தீக்குச்சி உரசுவார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். கேசட் சிக்கிக்கொண்டால் நாடாவைப் பல்லில் கடித்து இழுத்தபடியே கர்நூலைத் தாண்டுவார். ஸ்டியரிங்கை முழங்கால் பார்த்துக்கொள்ளும். ரோட்டை நான் பார்த்துக்கொள்வேன்.

அதுதான் கிளீனர் வேலை. டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, மேட்டில் வண்டி நின்றால் குதித்து ஓடிக் கட்டை வைப்பது எல்லாம் மற்ற நேரத்துக்கு. ராத்திரியில் ஒரே வேலை, தூங்காமல் பேசிக்கொண்டிருப்பது. "அண்ணா, மாட்டு வண்டி." "அண்ணா, லைட் இல்லாத டிராக்டர்." நான் கண்ணயர்ந்தால் மண்டையில் குட்டு விழும். ஒரே ஒரு ராத்திரி, அதிலாபாத் பக்கம், நான் தூங்கியதை அவர் கவனிக்கவில்லை. சுண்ணாம்பு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். வண்டி பருத்திக் காட்டுக்குள் போய்த்தான் நின்றது. மூட்டைகள் சிதறின, மழையும் பிடித்தது. விடிந்து பார்த்தால் வாய்க்கால் முழுக்கப் பாயசம், சர்க்கரை மட்டும்தான் பாக்கி.

ஓனர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் எங்கள் குரலைக் கேட்பார். நாக்பூர் புக்கிங் ஆபீசில் டிரங்க் கால் போட்டுவிட்டு அரை நாள் காத்திருந்து, "லோடு இறக்கியாச்சுங்க" என்பார் டிரைவர். "சரி" என்பார் ஓனர். அவ்வளவுதான். நடுவில் வண்டி எங்கே நிற்கிறதென்று அவருக்குத் தெரியாது. தெரியாததால் கெட்டும் போகவில்லை. மூன்று வண்டி ஆறாயிற்று.

போன வருஷம் தங்கச்சி மகனோடு பெங்களூர் போய் வந்தேன். பதினான்கு சக்கர வண்டி. கண்ணாடியில் இரண்டு கேமரா, ரோட்டைப் பார்க்க ஒன்று, மாப்பிள்ளையைப் பார்க்க ஒன்று. கிளீனர் இல்லை, அவன் பேட்டா மிச்சம். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்றிருந்த விதியையும் 2018-ல் எடுத்துவிட்டார்கள். டேஷ்போர்டில் ஒரு ஸ்டிக்கர்: 'வண்டி ஓட்டும்போது செல்போன் பேசாதீர்.' அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், ஆபீஸ் செல் நம்பர்.

மாப்பிள்ளை வகுப்பெல்லாம் போய்வந்தவன். 60-ல் போகும்போது 3 நொடி போனைப் பார்த்தால் வண்டி 50 மீட்டர் குருட்டாக ஓடியிருக்கும் என்று எனக்கே பாடம் எடுத்தான். 2019-ல் திருத்திய சட்டப்படி முதல் தடவை மாட்டினால் 1,000 முதல் 5,000 வரை அபராதம், மூன்று வருஷத்துக்குள் மறுபடி மாட்டினால் 10,000, ஜெயிலும் உண்டு என்றான். "கூப்பிடறவங்களுக்கு எவ்வளவு மாப்ள?" என்றேன். சிரித்தான்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வருவதற்குள் ஒன்பது கால். ஓனர், "எங்கப்பா வர்றே?" என்று. ஜிபிஎஸ்ஸில் வண்டி எங்கே வருகிறதென்று பார்த்துக்கொண்டே கேட்கிறார். புரோக்கர். சரக்குக்காரர். தவணை கேட்டு ஃபைனான்ஸ்காரர். மறுபடி ஓனர். மாப்பிள்ளை காதில் மாட்டிய கருவியில் பதில் சொன்னான். கையில் எடுக்கவில்லை, அதனால் தப்பில்லையாம். முழங்கால் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டதும் அப்படித்தான் தப்பில்லாமல் இருந்தது. என் தங்கச்சி மருமகள் மட்டும், "ஓட்டிட்டு இருக்கீங்களா? அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

தொப்பூர் கணவாய் இறக்கம். லோ கியரில் வண்டியைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தவன் காதைச் சொறிந்தான். கேமரா கீச்சென்று கத்தி ஆங்கிலத்தில் திட்டியது. ஒரு நிமிஷம் ஆகவில்லை, போன் அடித்தது. மாப்பிள்ளை எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"எடுக்கலீன்னா தூங்கறேன்னு நெனைப்பாங்க மாமா."

நான் எடுத்தேன்.

"ஏம்ப்பா, நீ போன் பேசறதா கேமராவுல அலர்ட் வந்திருக்கு. இறக்கத்துல என்னத்துக்குப் போன் பேசறே?"

"அவன் பேசலீங்க."

"அப்ப இது யாரு?"

"கிளீனருங்க."

"நம்ம வண்டிக்கு ஏது கிளீனரு?"

முன்னால் ஒரு டிரெய்லரின் பிரேக் லைட் சிவந்தது. "மாப்ள, டிரெய்லர்" என்றேன். அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான். போனில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.